தண்ணீருக்கும் ஒரு டியூப்

"இன்னும் என்ன மேடம் யோசனை? ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றார் அருளப்பன்.

காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்த்தே தலை நரைத்தவர். மரபணுச் சோதனை கற்றுக்கொள்ள, மகள் வயசுள்ள மெஹருன்னிசாவின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

செத்துக் கிடந்த மான்களின் சதையில் நொய்யரிசி போல வெள்ளை வெள்ளையாய் ஒட்டுண்ணி. மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒரே முகம். நாய் பரப்பும் வகையா, காட்டுப்பூனை பரப்பும் வகையா என்று மரபணுதான் சொல்ல வேண்டும். நாய் என்றால், அடிவாரத்து ஊர் நாய்களை அள்ளிப்போக வண்டி தயார்.

அருளப்பனுக்குச் சந்தேகமே கிடையாது. அவர் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த மான்குட்டியைப் போன கோடையில் அந்த நாய்கள்தான் குதறிப் போட்டன.

இப்போது சோதனையும் அதையே சொல்லிவிட்டது. நாய் வகை இருந்தால்தான் நீல வெளிச்சத்தில் கோடு மின்னும். எல்லா மானுக்கும் மின்னியது.

மெஹருன்னிசா அந்தக் கோடுகளின் படத்தைப் பார்த்தாள்.

"தண்ணி எங்க சார்?"

சதை போடாமல், தண்ணீர் மட்டும் விட்ட டியூப் ஒன்றையும் கூடவே ஓட்டுவது அங்கே வழக்கம்; அதில் கோடு மின்னவே கூடாது. ஒன்றுமில்லாததற்கு எதற்கு இடம் என்று அருளப்பன் அதிலும் ஒரு மானின் சதையை வைத்திருந்தார்.

அவள் ஒரு காலி டியூபை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினார். மேடம் இப்போது தண்ணிக்கும் வைத்தியம் பார்க்கிறார் என்று பக்கத்து மேசைக்காரரிடம் கிண்டல் வேறு.

சாயங்காலம் நீல விளக்கைப் போட்டார்கள்.

மான்களுக்கு மின்னியது.

தண்ணீருக்கும் மின்னியது.

அருளப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது வெறும் தண்ணி மேடம். நான்தான் விட்டேன்."

"அப்ப தண்ணியையும் நாய் கடிச்சிருக்கு போல. அதையும் சேத்து எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

அவர் தன் மேசையைத் திரும்பிப் பார்த்தார். கை பழகட்டும் என்று வாரமெல்லாம் நாய் வகை ஒட்டுண்ணியையே எடுத்து எடுத்து வைத்த மேசை. மானுக்கும் தண்ணீருக்கும் அதே பிப்பெட். அதே கையுறை.

போன் அடித்தது. நாய் வண்டி டிரைவர். காலையில் கிளம்பிவிடலாமா என்று கேட்டான்.

மெஹருன்னிசா தன் பையை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டியிருந்தாள்.

அருளப்பன் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார்.

"வேண்டாம்ப்பா," என்றார். "நான் இன்னும் மானைப் பாக்கவே இல்ல."