ஆறாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் நடுவே

நாகலிங்கத்துக்குத் தலை நரைத்த பிறகுதான் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பெயர் ரெஜினா. வார நாள்களில் ஒரு வங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் அறையில் நாலைந்து தன்னார்வலர்களோடு உட்கார்ந்து, கணினித் திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும் ஓர் இலவச மென்பொருளைப் பராமரித்துவந்தாள். சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாக வரும்.

நாகலிங்கத்தின் மனைவி செண்பகத்துக்குப் பார்வை போய்விட்டது. அந்த மென்பொருள்தான் அவளுக்குச் செய்தி வாசித்தது. ஆனால் எண் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்ளும். மாத்திரை எத்தனை, பஸ் எத்தனை மணிக்கு, எல்லாவற்றுக்கும் கணவரைக் கூப்பிட வேண்டும்.

"ஒத்த நம்பருக்குக்கூட உங்க கையில தொங்கணுமா?" என்று ஒரு நாள் அவள் அழுதுவிட்டாள்.

மின்வாரியத்தில் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தானே சரிசெய்துவிடுவது என்று இறங்கினார்.

இறங்கின இடத்திலேயே மாட்டிக்கொண்டார். பழுது பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதைத் தன் லேப்டாப்பில் ஓட வைக்க வேண்டும். அதற்கு இணையத்தில் ஒரு வழிகாட்டிப் பக்கம் இருந்தது. அதில் சொன்னபடி வரி வரியாகச் செய்தார். ஏழாவது வரியில் பிழை என்றது. முதலில் இருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அதே பிழை. தப்பு லேப்டாப்பிலா, வழிகாட்டியிலா, தன் மூளையிலா என்று அவருக்குத் தெரியவில்லை. குழம்பிப்போய், அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த முகவரியைத் தேடி, லேப்டாப்பும் கையுமாக ரெஜினாவிடம் வந்தார்.

"ஏம்மா, இந்த வழிகாட்டி சரிதானா?"

"நான்தான் சார் எழுதினேன். ஏன்?"

"அப்போ தப்பு எம்மேலதானா?"

அவள் எழுந்துபோனாள். அலமாரியில் இருந்து, சோதனைக்கென்று எதுவும் ஏற்றாமல் வைத்திருந்த லேப்டாப் ஒன்றை எடுத்துவந்தாள்.

"நீங்க வரி வரியா வாசிங்க. நான் அடிக்கேன்."

அவர் பக்கத்தைப் பார்த்து வாசித்தார். அவள் அடித்தாள். ஏழாவது வரியும் ஒழுங்காகத் தாண்டியது. லேப்டாப் கணீரென்று வணக்கம் சொன்னது.

"ஓடுதே சார்."

நாகலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் குழப்பமாக இருந்தது. "இன்னொரு தடவ காட்டுவீங்களா?"

அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். வரிகள் இப்போது அவருக்கு மனப்பாடம். அதனால் பக்கத்தைப் பார்க்காமல் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொல்லிவந்தார்.

"நில்லுங்கம்மா. இப்போ என்னமோ அடிச்சீங்களே?"

"எப்போ?"

"ஆறாவது முடிஞ்சு, நான் ஏழாவதைச் சொல்லுததுக்குள்ள."

"ஒண்ணும் அடிக்கலையே."

அவர் திரையை மேலே தள்ளிக் காட்டினார். ஒரு வரி இருந்தது. வழிகாட்டியில் இல்லாத வரி. ரெஜினா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பேசுத குரல் இருக்க ஃபைலை வேற இடத்துக்கு மாத்தி வருஷக்கணக்காச்சு. அங்கேருந்து எடுக்கதுக்குத்தான் இந்த வரி," என்றாள். "கை அதுபாட்டுக்கு அடிச்சிருக்கு."

"அப்போ எனக்கு முன்னால வந்தவங்க என்ன செஞ்சாங்க?"

"பழைய ஆளுங்க யாருகிட்டயாவது கேட்டிருப்பாங்க. கேக்கக் கூச்சப்பட்டவங்க போயிருப்பாங்க. போறவங்க சொல்லிட்டா போறாங்க?"

நாகலிங்கம் அந்த வரியைத் தன் லேப்டாப்பில் அடித்தார். அதுவும் வணக்கம் சொன்னது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மளமளவென்று எண்களை வாசிக்கும் பகுதியைத் தேடத் தொடங்கினார்.

ரெஜினா சோதனை லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதில் வழிகாட்டிப் பக்கம் திருத்துவதற்காகத் திறந்திருந்தது.

"முதல்ல இது, சார்."

"நானா? அந்த வரி என்ன செய்யுதுன்னே எனக்கு முழுசாப் புரியலை. தப்பா எழுதிட்டா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீங்க எழுதுங்கம்மா."

"எல்லாம் தெரிஞ்ச நான் எழுதினதைத்தானே சார் இத்தனை நாளும் வாசிச்சீங்க?"

நாகலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரிம்மா, எழுதுதேன். ஆனா வீட்ல அவ காத்துக்கிட்டு இருக்கா. முதல்ல இந்த நம்பரைப் பேச வச்சிருதேன். எல்லாம் தெளிவாப் புரிஞ்ச பிறகு, நிதானமா உக்காந்து எழுதித் தாரேன்."

"அப்படிச் சொல்லிட்டுத்தான் சார், நாங்க எல்லாரும் உள்ள வந்தோம். புரிஞ்ச பிறகு இந்த வரி யாரு கண்ணுலயும் படலை."