விரால் எதற்கு வந்தது

"தாயே, நல்லதுக்காக ஒரு பொய் சொன்னா அது பாவத்துல சேருங்களா?"

செருப்பைக் கழற்றும்போதே சென்னியப்பன் கேட்டுவிட்டார். ஏரிக்கரை மடத்துக்குப் பல வருடங்களாக வந்துபோகிறவர். அவருக்கு அறுபது. மடத்துத் தாயாருக்கு நாற்பதுகூட இருக்காது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

தாயார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன பொய்?"

"சரசாளுக்கு உடம்பு ரொம்ப முடியலை, படுத்த படுக்கையாக் கெடக்கறான்னு."

"சரசாள் நேத்துதான் வந்து மடத்தைக் கூட்டிட்டுப் போனா."

"அதனாலதானுங்க பொய்ங்கறேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"இல்லைங்க. அவகிட்டயும் சொல்லலை."

யாரிடம் சொல்லப்போகிறாய் என்று தாயார் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த கதை. சென்னியப்பனுக்கும் சரசாளுக்கும் ஒரே மகளான சுகன்யா, கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. வேறு சாதிப் பையன். இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொன்னவர் சென்னியப்பன்தான். அதற்குப் பிறகு போன் மணி அடிக்கும்போதெல்லாம் முதல் ஆளாக ஓடுகிறவரும் அவர்தான்.

"அம்மாளுக்கு ஒண்ணுன்னா புள்ளை ஓடி வந்துருவா. ஒரு தடவை கண்ணால பார்க்கணும். அவ்வளவுதானுங்க."

"பார்க்கறதுக்கு நீயே பஸ் ஏறிப் போலாமே."

சென்னியப்பன் துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி. வந்த பிறகு?"

"என் மச்சானுங்க ரெண்டு பேரும் வீட்டுல இருப்பாங்க. அவங்க பேசிக்குவாங்க."

"என்ன பேசுவாங்க?"

சென்னியப்பன் ஏரியைப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரிய வேண்டாம்னுட்டாங்க. 'நீங்க தோட்டத்துக்குப் போயிருங்க மாமா, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்'னாங்க."

இதை அவர் சொன்ன குரல்தான் எனக்குத் திடுக்கென்கிறது. மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சு என்று சொல்வோமே, அந்தக் குரல்.

கீரையில் இருந்த தாயாரின் கை நின்றது.

"எப்போ சொல்லப்போறே?"

"சாயங்காலமுங்க. ராகுகாலம் கழியட்டும்."

நல்ல நேரம் பார்க்கிறார் மனுஷன்.

தாயார் கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"அப்போ நேரம் இருக்கு. எனக்கு விரால் பிடிக்கச் சொல்லிக் குடு."

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மடத்தில் வெங்காயம்கூட உரிப்பதில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். வா."

அந்த ஏரியில் விரால் பிடிக்க அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பைக்கில் எப்போதும் தூண்டில் கட்டியிருக்கும். திகைப்பு தீருவதற்குள் முகம் மலர்ந்துவிட்டது.

கரையோரம் முழங்கால் தண்ணீரில் இறங்கித் துண்டை விரித்து இழுத்தார். சின்னக் கெண்டைகள் துள்ளின. துடியான ஒன்றை மட்டும் சொம்பில் போட்டுக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டார்.

"செத்த இரையை விரால் சீந்தாதுங்க. முதுகுத் தோல்ல லேசா மாட்டணும். உயிர் போகக்கூடாது."

"வலிக்காதா?"

"வலிச்சாத்தானுங்க நெளியும். நெளிஞ்சாத்தான் அது வரும்."

கோரைப்புல் ஓரமாகத் தண்ணீர் ஒரு பாய் அளவுக்குச் சிவந்து கிடந்தது. அந்தச் சிவப்பு மெதுவாக நகர்ந்தது.

"அதானுங்க விரால் குஞ்சு. கூட்டமாத்தான் திரியும். பெருசு அடியில காவலுக்கு நிக்கும். இரையைக் கொண்டுபோயி குஞ்சுகளுக்கு நடுவுல விட்டாப் போதும்."

"பெருசுக்கு அவ்வளவு பசியா?"

"பேராசைங்க தாயே. பேராசை புடிச்ச ஜென்மம் அது. பக்கத்துல எது வந்தாலும் விடாது. எங்கப்பன் காலத்துல இருந்தே அப்படித்தான் சொல்லுவோம்."

தூண்டிலை வீசினார். கெண்டை குஞ்சுகளின் நடுவில் விழுந்து நெளிந்தது.

மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. தண்ணீர் வெடித்தது. கோல் வளைந்தது. சென்னியப்பன் விட்டுப் பிடித்து, இழுத்துக் கரையில் போட்டார். முழங்கை நீளம் இருக்கும். கல்லால் தலையில் ஒன்று போட்டதும் அடங்கியது.

"எப்படிங்க தாயே?" என்றார் பெருமையாக.

"பேராசை புடிச்சதுன்னியே. என்னதான் தின்னிருக்கும்? பார்க்கலாம். அறு."

"மடத்து மண்ணுலயா? வேண்டாமுங்க."

"அறு, சென்னியப்பா."

அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதில்லை. மடக்குக் கத்தியை எடுத்தார். ஆயுசு பூராவும் விரால் பிடித்த மனுஷன், ஒன்றைக்கூட அறுத்துப் பார்த்ததில்லை. அது சரசாள் வேலை. வயிற்றைக் கீறினார். குடலை வெளியே எடுத்தார். இரைப்பையைப் பிளந்து விரலை விட்டுத் துழாவினார்.

மறுபடியும் துழாவினார்.

"காலியா இருக்குதுங்க."

"நல்லாப் பாரு."

"ஒரு புழுகூட இல்லைங்க. பல நாளா எதையும் தின்னிருக்காதாட்ட இருக்குது."

"அப்போ எதுக்கு வந்துச்சு?"

சென்னியப்பன் தண்ணீரைப் பார்த்தார். சிவப்புக் கூட்டம் கலைந்து திசைக்கொன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஏதோ பாய்ந்து அதில் ஒரு வாய் கவ்வியது. இதையும் அவர் பார்த்ததில்லை. மீன் கிடைத்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவது அவர் வழக்கம்.

"குஞ்சுக்கு என்னமோ ஆகிப்போச்சுன்னு..."

சொல்லி முடிக்கவில்லை. அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ரத்தக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். சுகன்யா என்று இருந்தது. அழித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவந்த நம்பர்.

"அப்பா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சின்ன மாமா காலையிலயே போன் பண்ணிட்டாருங்க. நீங்க பேசற நிலையில இல்லைன்னாரு. மனசு கேக்கலை, அதான் பண்ணினேன்."

மச்சானுக்குச் சாயங்காலம் வரை பொறுக்கவில்லை.

"பஸ்ஸுல உக்காந்துட்டேனுங்கப்பா. அவருகிட்டக்கூடச் சொல்லலை, போட்டது போட்டபடி வந்துட்டேன். காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படலை. அம்மா கண்ணு முழிச்சாங்களாப்பா?"

சென்னியப்பன் தாயாரைப் பார்த்தார். தாயார் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து, அறுபட்ட விராலை இரண்டு கையிலும் ஏந்தி எடுத்தார்.

"கண்ணு," என்றார் சென்னியப்பன்.

"அழுவாதீங்கப்பா. நான் வந்துட்டே இருக்கேன்."

இரண்டு வருடமாக அவர் ஏங்கிக் கிடந்த வார்த்தை.

"எறங்கு," என்றார். "அம்மா நல்லாருக்கறா. பஸ்ஸ விட்டு எறங்கு சாமி."