பில்லில் கடை, வீட்டில் மிஷின்

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு நடந்தது. நீங்கள் நீதிபதியாக வேண்டாம், கடைசிவரை எரிச்சல்படாமல் கேட்டால் போதும். எனக்கு அந்தப் பொறுமை எப்போதோ போய்விட்டது.

என் நாத்தனார் மாரீஸ்வரிக்கு இரண்டு மணிக்கட்டிலும் வாதம். ஈரத் துணியைப் பிழியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் பிழியாமல் எப்படி? அவள் வீட்டுக்காரர் லாரி ஏறினால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. இரண்டு பையன்கள், இரண்டும் புழுதியிலேயே புரளுகிற ரகம். ஜவுளிக் கடையில் நாள் பூராவும் நின்று வேலை பார்த்து, சீட்டுப் போட்டு, வாஷிங் மிஷினுக்கு முழுப் பணமும் சேர்த்துவிட்டாள். தனக்கென்று அவள் வாங்க நினைத்த முதல் பொருள் அதுதான்.

என் வீட்டுக்காரர் தங்கப்பழம் அருப்புக்கோட்டையில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர்தான், இல்லையென்று சொல்லவில்லை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று எதிலும் முதல் ஆளாகத் தலையைக் கொடுப்பார். எனக்குத் தலைவலியே அதுதான்.

“ஆன்லைன்ல நானே போட்டுத் தாரேன் மாரி,” என்றார் தங்கையிடம். “கடையோட ஜி.எஸ்.டி. நம்பரக் குடுத்தா பில்லு கடை பேருக்கு வரும். அதுல இருக்கிற பதினெட்டு சதவீத வரிய நான் கடைக்குக் கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கிருவேன். நீ வரி போக மிச்சத்தக் குடு, போதும்.”

மாரீஸ்வரி தயங்கினாள். “பில்லு என் பேருக்கு இருந்தாத் தேவலையேண்ணே. நாளப்பின்ன ஏதாவதுன்னா?”

“பில்லையா துவைக்கப் போற? மிஷினு உன் வீட்டுக்குத்தான வருது!”

அண்ணன் ஒரு அதட்டுப் போட்டால் அவள் அடங்கிப்போவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வரி போக மிச்சத்தைக் கொடுத்தாள். மிச்சம் பிடித்த பணத்தில் பையன்களுக்கு ஷூ வாங்கினாள். மிஷினும் வந்தது, ஓடியது. அவள் கையில் வீக்கம் வடிந்ததை நானே பார்த்தேன்.

இரண்டே மாதம். வயிறு நிறையத் துணியும் தண்ணீருமாக மிஷின் நின்றுபோயிற்று. கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து, உள்ளே இருக்கிற போர்டு போய்விட்டது என்றான். பிறகு பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தான்.

“இது கடை பேர்ல வாங்கினதுக்கா. வீட்டு உபயோகத்துக்கு மட்டுந்தான் வாரண்டி. கடைன்னா கிடையாது.”

“தம்பி, கண்ணாலப் பாருங்க. இது கடையா? அடுப்படிக்குப் பக்கத்துல நிக்கிது.”

“நான் பாக்கிறேன்க்கா. கம்பெனி பில்லத்தான பாக்கும்?”

காசு கொடுத்துப் போர்டு மாற்றினால் மிஷின் விலையில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. என் வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்து கத்தென்று கத்தினார். அவர்கள் நிதானமாக, “வீட்டுக்கு வாங்கியதுதான் என்று எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம்,” என்றார்கள். எழுத உட்கார்ந்தவரைக் கடைக்குக் கணக்குப் பார்க்கிறவர் தடுத்தார். “கடை உபயோகத்துக்குன்னு காட்டித்தான வரியக் கழிச்சிருக்கோம்? இப்ப வீட்டுக்குன்னு எழுதிக் குடுத்தா, கழிச்சது தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் மொதலாளி.” இவர் பேனாவை மூடிவிட்டார்.

அப்புறம் சண்டை எங்கள் வீட்டுக்கு வந்தது.

“வரி லாபத்த நீதான அனுபவிச்ச? நான் ஒரு பைசா தொட்டனா? ரிப்பேரும் நீதான் பாக்கணும்,” என்றார் அண்ணன்.

“நானா கேட்டேன்? முழு வெலையும் கையில வச்சுக்கிட்டுத்தான வந்தேன்!” என்றாள் தங்கை. சொல்லும்போதே அழுதுவிட்டாள். அன்று காலையிலும் ஒரு வாளித் துணியைக் கையால் பிழிந்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மணிக்கட்டு திரும்பவும் வீங்கியிருந்தது.

இப்போது சொல்லுங்கள். பில்லைக் காட்டிக் கைவிரித்த கம்பெனியா, உதவி செய்து ஒரு பைசாவும் பார்க்காத அண்ணனா, மிச்சப்பட்ட வரியை வாங்கிக்கொண்ட தங்கையா? இந்த ரிப்பேர் செலவு யார் தலையில் விழ வேண்டும்?

விடை: கம்பெனியைத் திட்டி நமக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பில்லில் இருந்ததை அவர்கள் நம்பினார்கள், அந்தப் பில்லை அப்படிப் போடச் சொன்னது நாம். மாரீஸ்வரி மேலும் குறை உண்டு. வீட்டில் ஓடுகிற மிஷினுக்குக் கடை வரி கழிக்கவே கூடாது. அந்தப் பணம் அண்ணன் தூக்கிக் கொடுக்கிற பணமும் இல்லை, தங்கை வைத்துக்கொள்கிற பணமும் இல்லை. அவள் அதைத் திருப்பித் தர வேண்டும், இவர் அதைச் சர்க்காருக்குக் கட்ட வேண்டும். ஆனால் ரிப்பேர் செலவு இவருடையதுதான். பில் என் பேருக்கு வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டாள், அதட்டி அடக்கியவர் இவர். அவள் வாரண்டியை அன்றைக்கே இவர் விற்றுவிட்டார்.

இதைச் சொன்னதும், “பெரிய ஜட்ஜம்மா!” என்று எழுந்து போய்விட்டார். சரி என்று மறுநாளே ஒரு குட்டியானை வண்டி பிடித்தேன். கெட்டுப்போன மிஷினை ஏற்றிவந்து, பில்லில் பேர் இருக்கிற ஹார்டுவேர்ஸ் கடையிலேயே, இவர் கல்லாவுக்குப் பக்கத்தில் இறக்கினேன். எங்கள் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷினை மாரீஸ்வரி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். “வேண்டாம் மதினி, அண்ணன் ஏசும்,” என்று அவள் பதறினாள். ஏசட்டும். என் சேலைகளை நான் அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொள்கிறேன். இவர் வேட்டி சட்டையை இவரே குழாயடியில் குத்தவைத்துக் கசக்கிப் பிழிகிறார். நேற்று இரண்டு கையையும் உதறிக்கொண்டே வந்து, அந்தப் போர்டு மாற்ற எவ்வளவு ஆகும் என்று தானாகக் கேட்டார்.