வசவுக்கு நடுவே வந்த சொல்

மேட்டுநாட்டு அரசன் ஆற்றின் குறுக்கே அணை போட்டு அடைத்துவிட்டான். கீழே பள்ளநாட்டில் நாற்றெல்லாம் கருகியது. பள்ளநாட்டு அரசன் சும்மா இருப்பானா? எல்லைக்குப் படையை அனுப்பினான். எதற்கும் கடைசியாக ஒருமுறை பேசிப் பார்ப்போம் என்று தூதர் மருதியையும் அனுப்பினான்.

தூதுக்கு இருவராகப் போவது அந்த நாட்டு வழக்கம். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் சாட்சி. சாட்சியாகப் போனவன் மருதியின் சீடன் கொற்றன். போன சண்டையில் கால் முடமாகி, போதுமடா சாமி என்று வாளைப் போட்டுவிட்டுத் தூதுத்தொழில் கற்க வந்தவன். மருதி அவனைவிடச் சின்னவள்தான். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய ஒரே மகன் எல்லையில் முன்வரிசையில் நின்றான்.

மேட்டுநாட்டு அரசன் வாயைத் திறந்தான் பாருங்கள், அப்பப்பா! பள்ளநாட்டு அரசனைக் கோழை என்றான், பிச்சைக்காரன் என்றான், பிறப்பையே இழுத்துப் பேசினான். வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கொற்றனுக்கு ரத்தம் கொதித்தது. மருதியோ நின்றபடியே கடைசிவரை கேட்டாள். வணங்கினாள், கிளம்பிவிட்டாள்.

வழியெல்லாம் கொற்றனுக்கு மகன் முகம்தான். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டான்.

தன் அரசன் முன்னால் மருதி சொன்னாள்: "தம் குளங்கள் நிரம்பியதும் அணையைத் திறக்கத்தான் இருந்தாராம், அரசே. அதற்குள் நம் படை வந்து நின்றுவிட்டது. இப்போது திறந்தால், பயந்து திறந்தான் என்று அவர் குடிகளே சிரிப்பார்களாம்."

கொற்றனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், சொன்னான்தான்! அத்தனை வசவுக்கும் நடுவே, மூச்சு வாங்கியபோது, போகிற போக்கில் சொன்னான். கொற்றன் காதிலும் விழுந்தது. அவன்தான் வசவையெல்லாம் பொறுக்கிக்கொண்டு அதை விட்டுவிட்டான். இவள் எப்படிக் கேட்டாள் என்று மலைத்து நின்றான்.

அரசன் சாட்சியின் பக்கம் திரும்பினான். "அவனா இப்படிச் சொன்னான்?"

பட்ட அவமானமெல்லாம் கொற்றனின் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒன்றை அவிழ்த்துவிட்டால் போதும், விடிந்தால் போர். மருதி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அவர் வாயால்தான் சொன்னார், அரசே," என்றான்.

அரசன் வெகுநேரம் யோசித்தான். பிறகு, கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் படையைப் பின்வாங்கச் சொன்னான்.

சில நாளில் வாய்க்காலில் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. மகனும் வீடு வந்து சேர்ந்தான். கொற்றன் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

அழுது முடித்ததும் நேரே மருதியிடம் போனான். கும்பிட்ட கை இறங்கவே இல்லை. ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, அவர் சொன்னதில் முக்கால்வாசியை நாம் சொல்லவே இல்லையே. தூதுக்கு அது தகுமா?"

"சொன்னதையெல்லாம் சொன்னபடி கொண்டுவர ஓர் ஓலை போதுமே, கொற்றரே," என்றாள் மருதி. "நம்மை எதற்கு அனுப்பினார்கள்?"