மந்திரி அள்ளிக் கொடுத்த மண்

முன்னொரு காலத்தில், மாங்காய்க்கும் மந்திரிக்கும் பஞ்சமே இல்லாத ஒரு நாட்டில், ராஜாவுக்குத் திடீரென்று பழைய சட்டங்களின் மேல் ஆசை வந்துவிட்டது. மந்திரி ஆதிமூலம் இதற்குத்தான் காத்திருந்தார். செல்லரித்த ஓலை ஒன்றை நீட்டினார்.

"அரசே, இது 'கைம்மண்' என்னும் பழைய முறை. நம் முன்னோரில் பலருக்கு எழுத்துத் தெரியாது. நிலம் கொடுப்பவர் அந்த நிலத்திலேயே நின்று, அதன் மண்ணையும் கல்லையும் வாங்குபவர் கையில் வைப்பார். இருவர் பார்த்தால் போதும், நிலம் கைமாறிவிடும். கைம்மண் இல்லாத தானம் செல்லாது."

"பேஷ்! இன்று முதல் அதுவே சட்டம். செல்லாத தானமெல்லாம் நாளை மறுநாள் அரண்மனைக்குத் திரும்பட்டும்!"

சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் சடையாண்டி இதைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடினான். ராஜா ஏதோ ஒரு சிரிப்புக்கு வாயால் கொடுத்த வாழைத் தோட்டம்தான் அவன் வீட்டுச் சோறு. அடுத்த வேலி மந்திரியின் மாந்தோப்பு. அந்த மனுஷர் வெகுநாளாகவே வாழைமேல் கண் வைத்திருந்தார்; அது அரண்மனைக்குத் திரும்பினால் தமக்கென்று கேட்டு வாங்கிவிடலாம்.

"ஏங்க, குலை தள்ளுற நேரமாச்சே! எங்கே போவோம்?" என்று அழுதாள் மனைவி பொன்னுருவி.

"அழாதடி. மந்திரிகிட்டயே கேட்டுட்டு வரேன்."

மாந்தோப்பில் மந்திரி இரண்டு காவல்காரர்களோடு நின்றிருந்தார். சடையாண்டி எதிரே போய்க் கையேந்தினான்.

"சாமி, எனக்குன்னு ஒரு துண்டு நிலமும் இல்லாமப் போச்சு. உங்க கையால ஏதாவது குடுங்க."

மந்திரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு மண்ணுதான்டா!" என்று குனிந்து, காலடி மண்ணைக் கல்லோடு அள்ளி அவன் கையில் கொட்டினார். "போதுமா?"

"நிறைஞ்சு போச்சு சாமி."

மறுநாள் சபையில் சடையாண்டி துண்டை அவிழ்த்தான். உள்ளே மண்ணும் கல்லும் இருந்தன.

"அரசே, மந்திரியார் தம் தோப்பில் நின்று, தம் கையாலேயே எனக்குக் கைம்மண் தந்தார். அவருடைய காவல்காரர்களே சாட்சி. மாந்தோப்பு இனி என்னுடையது."

மந்திரி துள்ளி எழுந்தார். "நான் மனதாரவா கொடுத்தேன், அரசே? மனம் ஒப்பாமல் மண் மட்டும் விழுந்தால் அது தானமாகுமா?"

"அப்படியானால் தானத்துக்கு மனம்தான் முக்கியம், மண் அல்ல. வாழைத் தோட்டத்தை அரசர் மனதாரத் தந்தாரே! இரண்டில் எது என்னுடையது? மந்திரியாரே சொல்லட்டும்."

மந்திரி தரையைப் பார்த்தபடி, "வாழைத் தோட்டம்" என்றார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மாலையே பட்டாடையில் சேறு அப்ப வாய்க்காலைத் தாண்டிப் போய், வாழைத் தோட்டத்து மண்ணையும் கல்லையும் சடையாண்டியின் கையில் வைத்தார். இரண்டு சாட்சிகளில் ஒருவராக மந்திரியையே நிற்க வைத்தார்.

மண்ணைப் பொன்னுருவி வாழையடியில் போட்டு அணைத்தாள். கல்லைக் கழுவி அடுப்படிக்குக் கொண்டு போனாள். அன்று ரசத்துக்கு மிளகு தட்டியது அதைக் கொண்டுதான். ராஜா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் அரண்மனைக்குக் கிளம்பினார்.