சீவி வந்த இளநீர்

"மொபெட்ல போனா எவனும் மனுசனா மதிக்கறதில்லீங் அம்மிணி" என்றார் நாச்சிமுத்து.

மில்லை மூடிய பிறகு, ஐம்பத்தாறு வயதில் நிலத் தரகு பழக வந்தவர். முப்பது வருடம் நின்றே நூல் ஓட்டியவருக்கு நாற்காலி பெரிய விஷயம். தொழில் கற்றுத்தரும் மயிலாத்தா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

"எங்க போனீங்க?"

"எங்கக்காவுக்குப் பாக்கற தென்னந்தோப்புக்குத்தான். தோப்புக்காரன் கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சுட்டான்."

அக்கா அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கைக்கு வந்த பணமும், வீட்டை விற்ற பணமும் மொத்தமாக அந்தத் தோப்புக்குத்தான்.

மயிலாத்தா தன் கார்ச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"நாளைக்கு இதுல போங்க."

மறுநாள் மத்தியானம் நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"நேத்து வந்த ஆளுன்னே தெரியலீங் அவருக்கு. 'வாங்க சார்'ங்கறாரு."

"உக்கார வெச்சாரா?"

"கார்ப் பக்கத்துலயே, நெழல்ல சேர் போட்டாரு. காரைச் சுத்திச் சுத்தி வந்தாரு. எந்த வருசத்து மாடல், எவ்வளவு மைலேஜ், எல்லாங் கேட்டாரு."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"தங்கமான மனுசன், அவருகிட்ட என்னத்தைக் கேக்கறது? எளநி குடுத்தாரு. பொழுதோட அக்காவைக் கூட்டிட்டுப் போயி அச்சாரம் குடுத்தறலாமுங்."

"எளநி அங்கயே எறக்குனாங்ளா?"

"இல்லீங். ஊட்டுக்குள்ள இருந்து சீவியே கொண்டாந்தாங்க."

"தோப்புல எத்தன மரம்?"

"நூத்தி நாப்பது."

மயிலாத்தா கார்ச் சாவியை வாங்கிக்கொண்டாள். அவர் விட்டுப்போன மொபெட் சாவியை எடுத்து நீட்டினாள்.

"இன்னொருக்கா போயிட்டு வாங்க."

"இதுலயா? சேர் போட மாட்டான் அம்மிணி."

"போட மாட்டாருங்ண்ணா. நின்னுட்டே பாருங்க."

போனார். மொபெட் சத்தத்துக்கு "யாருய்யா அது?" என்ற குரல் மட்டும் வந்தது. ஆள் வரவில்லை.

நேற்று இதே இடத்தில், நாற்காலி வருமா என்று அந்த வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்று வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, வேலிக் கம்பியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார்.

ஒரு மரத்தில்கூட இளநீர்க் குலை இல்லை, குரும்பைப் பிஞ்சுகூட இல்லை.