ஆவாரைக்கு ஊற்றிய தண்ணீர்

கரிசல் காட்டு நடுவே ஒரு சின்ன மடம். அதற்குக் குரு உலகம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் பேச்சிமுத்துவோ தலை நரைத்தவர், லாரி ஓட்டி ஓய்ந்தவர்.

மடத்து வாசலில் இருந்த ஆவாரைப் பாத்தி அவர் பொறுப்பு. யாரும் ஏறெடுத்துப் பார்க்காமலே காட்டில் முளைத்துப் பூக்கிற செடி அது. அதற்குப் போய் மனுஷர் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினார். இலை பழுத்து உதிர்ந்தது. தண்ணீர் போதவில்லையாக்கும் என்று இன்னும் ஊற்றினார்.

அந்தச் சித்திரையில் அவர் மகள் இசக்கிக்குப் பிள்ளை பிறந்த தகவல் வந்தது. அவள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்த அன்று, "இனி என் மூஞ்சியில முழிக்காத" என்று கத்திவிட்டு வந்தவர் இவர். அதோடு பேச்சுவார்த்தை இல்லை. பிள்ளையைப் பார்க்க இப்போது மனசு கிடந்து துடித்தது.

"போயிட்டு வாங்க, அண்ணாச்சி" என்றார் உலகம்மை.

"எப்படிம்மா? நான் போனா செடி காஞ்சிரும்லா?"

"காஞ்சா வேற செடி வச்சுக்கிடலாம். அந்தப் பிள்ளைக்கு வேற தாத்தாவா வைக்க முடியும்?"

பேச்சிமுத்து குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பினார். வழியெல்லாம் தீயாய்ப் பொசுக்குகிற வெயில். பாத்தி கருகித்தான் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். வந்து பார்த்தால், அடடா! இலை தெரியாத அளவுக்கு மஞ்சளாகப் பூத்து நின்றது ஆவாரை. அப்பாடா என்று மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தாயே, எவ்வளவு ஊத்துனீங்க?"

உலகம்மை குடத்தைக் காட்டினார். கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தது. அதன்மேல் குளவி கூடு கட்டியிருந்தது.

"ஒரு சொட்டுகூடவா ஊத்தலை?"

"இல்லை. அது கெடக்கட்டும், மக பேசுச்சா?"

"அழுதுச்சும்மா. நானும் அழுதேன். பிள்ளைய எடுத்து எம் மடியில போட்டுச்சு. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது."

கண்ணைத் துடைத்துக்கொண்டே பூக்களைப் பார்த்தவருக்குச் சுருக்கென்றது.

"ஊத்தி ஊத்தி நான்தான் செடியைக் கெடுத்தேன். உங்களுக்கு அது முன்னமே தெரியும்லா? ஏன் தாயே தடுக்கலை?"

உலகம்மை ஒரு பூவைக் கிள்ளி அவர் கையில் வைத்தார்.

"தடுத்திருந்தா, மக வீட்டுக்குப் போகாம இருக்க வேற சாக்குல்லா தேடியிருப்பீங்க, அண்ணாச்சி."